சண்டை நேரத்தில் மேசைப் பேச்சு: எவ்வளவு விடலாம்?

நத்தைநடை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்; ஆளுக்கொரு கதாபாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு. ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள், ஆறு பேர், எல்லோரும் ஐந்தாம் லெவல். கதை நடக்கும்வரை ஒரு குறையும் இல்லை. சண்டை தொடங்கினால்தான் தலைவலி.

யார் முதலில் ஆடுவது என்று முடிவுசெய்யும் இனிஷியேட்டிவ் பகடையை உருட்டியதும் இரைச்சல் தொடங்கிவிடுகிறது. யாருடைய முறை வந்தாலும் ஆறு பேரும் அதற்குள் இறங்குகிறார்கள். "நீ இந்தப் பக்கம் வா", "வேண்டாம், அவள் அங்கே நின்றால் என் மந்திரம் அவள்மேலும் விழும்", "முதலில் யாருக்கு எச்பி (உயிர்ப்புள்ளி) குறைவு என்று சொல்லுங்கள்" என்று ஒரு முறைக்கு 4 நிமிடம் போய்விடுகிறது. ஆறு பேருக்கு 24 நிமிடம். நான்கு சுற்றுச் சண்டை என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். ஒரு சுற்று என்பது 6 விநாடி. ஆகவே கதைக்குள் கடந்தது மொத்தமே 24 விநாடி.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளம் புகுந்த கல்லறை, எட்டுப் பிணந்தின்னிகள். கிளெரிக் (பூசாரிப் பாத்திரம்) பிணப்பேய்களை விரட்டும் டேர்ன் அன்டெட் சக்தியைப் பயன்படுத்த, ஐந்து திரும்பி ஓடின. அடுத்து மந்திரவாதியின் முறை. அவர் ஃபயர்போல் (வெடிக்கும் தீப்பந்து மந்திரம்) என்று வாயெடுத்தார். மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர், "ஓடுகிறவற்றின்மேல் படக் கூடாது, அடிபட்டால் பயம் தெளிந்து திரும்பி வரும். ஆரை 20 அடி. இரண்டு கட்டம் வடக்கே தள்ளி வை, நிற்கிற மூன்றும்தான் மாட்டும்" என்று வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார். விதி சரி, கணக்கும் சரி. ஆனால் அவருடைய ஃபைட்டர் (போர்வீரப் பாத்திரம்) அந்த நேரத்தில் அடுத்த அறையில் இருந்தார். நடுவில் கதவு மூடியிருந்தது.

அவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம். என்னை இந்த விளையாட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. முகத்துக்கு நேரே "பேசாமல் இருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி ரோக் (பதுங்கித் தாக்கும் பாத்திரம்) விளையாடுகிறாள். தன் முறை வந்தால் பகடையைத் தொடுவதற்கு முன்பே அவரைத் திரும்பிப் பார்க்கிறாள். எனக்கு உறுத்துவது அதுதான்.

தன் முறை இல்லாதபோது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று அடுத்த ஞாயிறு முதல் சட்டம் போட்டுவிடலாமா? நேரமும் கையில் இல்லை. எட்டு மணிக்கு மேல் கீழ்மாடிக்காரர் கதவைத் தட்டுகிறார். பாணந்துறைப் பக்கம் போகிறவர் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மணல்நாழி

போடுங்கள். பழைய போர்ட் கேம் பெட்டி ஏதாவது ஒன்றில் 30 விநாடி மணற்கடிகாரம் இருக்கும். அதை எடுத்து மேசை நடுவில் வையுங்கள். மணல் தீர்வதற்குள் என்ன செய்யப் போகிறார் என்று சொல்லாவிட்டால் அந்தக் கதாபாத்திரம் டாட்ஜ் செய்தது என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள். டாட்ஜ் ஒன்றும் தண்டனை இல்லை, எதிரியின் அடி விழுவது கடினமாகிறது, அவ்வளவுதான். எங்கள் தெகிவளைக் குழுவில் இப்படித்தான்.

இன்னொன்று: ஒருவரைக் கூப்பிடும்போதே அவருக்கு அடுத்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். "இப்போது கிளெரிக், தயாராக இருப்பது ரோக்" என்று. பாதி நேரம் அதிலேயே மிஞ்சும்.

பழம்பகடை

தம்பி, தடை போடாதீர்கள். இந்த விளையாட்டு 1974இல் வந்த நாளிலிருந்தே மேசையைச் சுற்றி வாயடிப்பதற்காகத்தான் ஆட்கள் கூடுகிறார்கள். பேச வேண்டாம் என்றால் கணினியில் விளையாடலாமே.

உங்கள் இரைச்சலுக்குக் காரணம் பேச்சல்ல, முறைகளைப் பிரித்திருக்கும் விதம். 1981இல் வந்த அடிப்படைப் பெட்டியில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஓர் ஆறுமுகப் பகடை. எந்தப் பக்கம் வென்றதோ அந்தப் பக்கம் முழுவதும் சேர்ந்து நகரும். குழுவுக்கு ஒரு காலர் இருப்பார். மற்றவர்கள் தங்களுக்குள் பேசி முடித்ததை அவர் டிஎம்மிடம், அதாவது ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம், சொல்வார். ஆக, கலந்து பேசுவதற்கு என்றே விளையாட்டில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அட்வான்ஸ்ட் பதிப்பில் ஒரு சுற்று முழுதாக 1 நிமிடம். அதற்குள் நான்கு வார்த்தை கத்தினால் ஒருவரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள்.

ஐந்தாம் பதிப்பு என்ன செய்தது? சுற்றை 6 விநாடி ஆக்கியது, ஆளுக்கொரு முறை என்று வரிசையில் நிறுத்தியது. ஒருவர் ஆடும்போது மற்ற ஐந்து பேருக்கும் வேலை இல்லை. வேலையில்லாத வாய் சும்மா இருக்குமா? அடுத்தவனின் முறைக்குள் தலையை நீட்டத்தான் செய்யும்.

டன்ஜன் மாஸ்டருக்கான 2014 நூலிலேயே பக்க இனிஷியேட்டிவ் என்று ஒரு மாற்று விதி இருக்கிறது. இரு பக்கமும் ஒவ்வோர் இருபதுமுகப் பகடை, கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை. சுற்றின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் வாய் வலிக்கப் பேசட்டும். பிறகு வரிசையாகச் செய்யட்டும். முயன்று பாருங்கள்.

மணல்நாழி

ஐயா, பக்க இனிஷியேட்டிவில் முதலில் ஆடுகிற பக்கம் எதிரியைத் துடைத்து எடுத்துவிடும். எட்டுப் பிணந்தின்னிகள் ஒரே மூச்சில் ஆடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நகத்தால் கீறினால் உடல் மரத்துப் போகும். மரத்தவனை அடுத்தது கடிக்கும். குழு அந்தக் கல்லறையிலேயே அடக்கம்.

பழம்பகடை

அதுவும் உண்மைதான். ஆனால் பயம் இருந்தால் பேச்சு தானாகவே சுருங்கும்.

விதிப்பித்தன்

புத்தகம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுச் சண்டை போடலாமே.

2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: உங்கள் முறையில் சுருக்கமான சொற்களாலும் சைகைகளாலும் தொடர்புகொள்ளலாம். முறைக்கு ஒன்று என்று கிடைக்கும் முதன்மைச் செயல்தான் ஆக்‌ஷன். அதற்கு ஆக்‌ஷன் செலவில்லை. இது "உங்கள் முறையில்" என்று சொல்கிறது, கவனியுங்கள். முறைக்கு வெளியே பேசுவதைப் பற்றி மூச்சு விடவில்லை, டிஎம்மிடம் விட்டுவிட்டது. 2003இன் மூன்றரைப் பதிப்பில் பேசுவது இலவசம், மற்றவர் முறையிலும் பேசலாம் என்றே எழுதியிருந்தது. ஆனால் ஒருசில வாக்கியங்களுக்கு மேல் போனால் அது இலவசத்தில் அடங்காது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு இன்னும் கறார்: ஒரு சுற்று 6 விநாடி என்பதால் பொதுவாக ஒரு வாக்கியம்.

2024இல் திருத்திய பதிப்பு ஒரு படி மேலே போகிறது. சுருக்கமாகச் சொன்னால் இலவசம். விரிவாக விளக்குவதற்கோ எதிரியை மனம் மாற்றப் பார்ப்பதற்கோ ஆக்‌ஷன் செலவாகும். "இரண்டு கட்டம் வடக்கே, ஆரை 20 அடி" என்பது விரிவான விளக்கமா இல்லையா என்று நீங்களே தீர்மானியுங்கள். அதுவும் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து!

தூறல்

அந்த ரோக் விளையாடும் தங்கையின் இடத்திலிருந்து எழுதுகிறேன். நானும் ரோக்தான், பம்பலப்பிட்டியில் வேறொரு குழு.

"பேசலாமா, கூடாதா" என்று இங்கே எல்லோரும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். என்னைப் பொறுத்தவரை அங்கே இரண்டு பேச்சு இருக்கிறது. விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். ரோக்கின் சிறப்புத் திறனான கன்னிங் ஆக்‌ஷனில் ஒளிந்துகொள்ளலாம், அதற்கு முறைக்கு ஒன்று கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன் போதும் என்று ஒருவர் நினைவூட்டினால் அவருக்கு என் பற்றிஸில் பாதியைக் கொடுப்பேன். இதைத் தடைசெய்தால் முதலில் வெளியேறுவது என்னைப் போன்றவர்கள்தான். மணற்கடிகாரத்தைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும்.

ஆனால் "ஒளிந்துகொள், பிறகு இடப்பக்கத்தவனை அடி, பிறகு தூணுக்குப் பின்னால் போ" என்று சொன்னால் நான் எதற்கு? பகடை உருட்டுவதற்கு ஒரு கையா? அடி விழுந்தால் அவருக்குப் பாராட்டு, தவறினால் என் பகடைக்குத் திட்டு. மூன்று ஞாயிறு போனதும் யோசிப்பதையே விட்டுவிட்டேன். முறை வந்ததும் நிமிர்ந்து பார்ப்பேன், யாராவது சொல்வார்கள். உங்கள் தங்கை அண்ணாவைத் திரும்பிப் பார்ப்பது மரியாதையால் அல்ல. சொல்வார் என்று தெரிந்த பிறகு தான் யோசிப்பது வீண் என்று ஆகிவிட்டது.

எங்கள் டிஎம் கொண்டுவந்த ஏற்பாடு எளிது. முறைக்குரியவர் கேட்டால்தான் மற்றவர் சொல்லலாம். கேட்டவரிடம் மட்டும், கேட்டதற்கு மட்டும். "கன்னிங் ஆக்‌ஷனில் என்னென்ன செய்யலாம்?" என்று நான் கேட்டால் மூன்றையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கேள்வியில் இல்லை. தொடக்கத்தில் மற்றவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பார்க்கவே வேடிக்கை.

மூன்றாம்மாடி

நான் மறுக்கிறேன். ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

மேசையைச் சுற்றி இருப்பவர்கள் வாரம் ஒருமுறை சந்திக்கிறவர்கள். ஒருவர் கணக்காளர், ஒருவர் மருந்துக்கடையில் வேலை, ஒருவர் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர். ஆனால் கதைக்குள் இருப்பவர்கள் மாதக்கணக்கில் ஒன்றாக நடந்து, ஒன்றாகக் காவல் இருந்து, ஒன்றாக இரத்தம் சிந்தியவர்கள். மந்திரவாதி கையை உயர்த்தினால் விலக வேண்டும் என்பது ஃபைட்டரின் காலுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பழக்கம் விளையாடுகிறவருக்கு இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது மேசைப் பேச்சுதான். இங்கே 4 நிமிடம் பேசுவது, அங்கே நான்கு மாதம் பழகியதற்கு ஈடு.

புத்திக்கூர்மை 18 உள்ள மந்திரவாதியை நான் விளையாடுகிறேன். என் சொந்தப் புத்திக்கூர்மை என்னவென்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். நண்பர்கள் உதவாமல் அந்த மந்திரவாதியை நான் எப்படி நியாயமாக ஆட முடியும்? ஓடுகிற பிணந்தின்னியை அடித்தால் பயம் தெளியும் என்பது கிளெரிக்குக் கட்டாயம் தெரியும். அவர் பயணத்தில் என்றோ மற்றவர்களுக்குச் சொல்லியும் இருப்பார். அண்ணா சொன்னதில் என்ன குற்றம்?

தூறல்

அப்படியானால் கிளெரிக் சொல்லட்டும். "ஓடுவதை விடு, நிற்பதை அடி!" ஒரு மூச்சில் முடிந்தது. கதவுக்குப் பின்னால் நிற்கும் ஃபைட்டர் ஏன் சொல்ல வேண்டும்?

துரும்பு

என் கையெழுத்துப் பெயரே சொல்லும், நான் சீட்டாட்டத்திலிருந்து வந்தவன்.

304 ஆடத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். வீரன் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு சாதிக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. என் பெரியப்பா ஆடும்போது சோடிக்காரர் தொண்டையைச் செருமினாலே எதிர்ப்பக்கம் சீட்டை மேசையில் போட்டுவிடும். கள்ளம்! காரணம் தெளிவு: என் கையில் என்ன இருக்கிறது என்பது சோடிக்குத் தெரியாமல் இருப்பதுதான் அங்கே ஆட்டம். பேசினால் எதிரே இருக்கிற இரண்டு மனிதர்களிடமிருந்து எதையோ திருடுகிறேன்.

இங்கே யாரிடமிருந்து திருடுகிறோம்? டிஎம் எதிராளி இல்லை. பிணந்தின்னி வந்து முறையிடப் போவதில்லை. ஆகவே "கள்ளம்", "ஏமாற்று" என்ற பார்வையில் இதற்குச் சட்டம் போட்டால் பொருந்தாது. மேசையில் திருட்டுப் போகக்கூடிய பொருள் ஒன்றுதான். அது தூறல் சொன்னது, அடுத்தவர் தானே முடிவெடுக்கும் வாய்ப்பு. சட்டம் எதுவானாலும் அதைக் காப்பாற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

க்ளூம்ஹேவன் 2017இல் வந்த கூட்டு ஆட்டம். அதில் என்ன செய்யப் போகிறேன் என்று கலந்து பேசலாம். ஆனால் சீட்டில் இருக்கும் எண்ணைச் சொல்லக் கூடாது. "சீக்கிரம் போவேன்", "கொஞ்சம் பிந்துவேன்" என்பதோடு சரி. இதை நான் எச்பிக்குக் கொண்டுவந்தேன். "எனக்கு 11 மிச்சம்" என்பது கிடையாது. "இன்னும் ஓர் அடி தாங்குவேன்", "கண் இருட்டுகிறது" என்று சொல்லலாம். 2024 விதிகளில் பாதியோ அதற்குக் கீழோ இறங்கிய நிலைக்கு ப்ளடீட் என்று பெயரே கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல் போதும். எண் மேசைக்கு வராவிட்டால் கணக்குப் போடுகிறவருக்குத் தீனி இல்லை. பேச்சு தானாகச் சுருங்குகிறது, சுவையும் கூடுகிறது. காயம் ஆற்றும் ஹீலிங் வேர்ட் மந்திரம் யாருக்கு என்று கிளெரிக் முகம் பார்த்து முடிவெடுக்கிறார்.

நத்தைநடை

எல்லோருக்கும் நன்றி. துரும்பு சொன்ன எச்பி ஏற்பாடு பிடித்திருக்கிறது, அடுத்த வாரமே. ஒரு சந்தேகம். கதாபாத்திரம் வாய்விட்டுச் சொன்னால் எதிரிக்கும் கேட்குமல்லவா? அதை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள்? நான் இதுவரை கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன்.

தண்டவாளப்பூனை

கண்டுகொள்ளுங்கள்! அதில்தான் விருந்தே இருக்கிறது.

பிணந்தின்னிக்குப் பொதுமொழி புரியும், அதன் குறிப்பிலேயே இருக்கிறது. "அடுத்த முறை இடது மூலையில் ஃபயர்போல் போடுகிறேன், எல்லோரும் விலகுங்கள்" என்று மந்திரவாதி கத்தினால் இடது மூலையில் பிணந்தின்னி நிற்குமா? நான் டிஎம்மாக இருக்கும்போது ஒரே வார்த்தைதான் கேட்பேன்: "சத்தமாகவா?" மேசை அடங்கிவிடும். ஓநாய்க் கூட்டம் என்றால் கவலையில்லை, வாய் கிழியக் கத்தலாம். பேச்சுப் புரியும் குட்டிப் பூதமான கொப்லின் என்றால் யோசிக்க வேண்டும்.

அப்போதுதான் கதாபாத்திரத் தாளில் மூலையில் கிடக்கும் மொழிகளுக்கு உயிர் வரும். தொடக்கத்தில் குள்ளர் மொழி, தேவதை மொழி என்று எழுதிவிட்டு ஆயுளுக்கும் பார்ப்பதில்லை. இரண்டு பேருக்குக் குள்ளர் மொழி தெரிந்தால் அவர்கள் அதில் கத்தட்டும், கொப்லினுக்குப் புரியாது. மெசேஜ் மந்திரமும் இருக்கிறது, 120 அடி தூரத்துக்கு ஒருவர் காதில் மட்டும் கிசுகிசுக்கலாம். ஆனால் அதற்கு ஓர் ஆக்‌ஷன் போகும். விலை இருக்கட்டும், விலை இருந்தால்தான் எதைச் சொல்வது என்று யோசிப்பார்கள்.

எங்கள் மேசை மருதானையில். தமிழர் மூவர், சிங்களவர் இருவர், பொதுவில் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து கதைப்போம். சண்டை சூடுபிடித்தால் நாங்கள் மூவரும் எங்களை அறியாமலே தமிழில் திட்டம் போடத் தொடங்கிவிடுவோம். மற்ற இருவரும் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது நல்லதில்லை, ஒரே குழுவுக்குள் பாதிப் பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது போலத்தான். டிஎம் சிங்களத் தோழர். அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார்: மேசையில் தமிழ் வந்தால் அது குள்ளர் மொழி. மூவரில் குள்ளர் மொழி தெரிந்த கதாபாத்திரம் இரண்டுதான், மூன்றாமவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். நன்றாகத்தான் போனது. ஒருநாள் நாங்கள் "வலது தூணுக்குப் பின்னால் பதுங்கு" என்று கதைத்ததும் அவருடைய கொப்லின்கள் நேரே வலது தூணுக்கு வந்தன. ஆள் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்கிறவர், எங்களைவிட நன்றாகத் தமிழ் கதைப்பார். "கொப்லின் தலைவனுக்கும் குள்ளர் மொழி தெரியும்" என்று கூசாமல் சொன்னார்.

பழம்பகடை

சிரித்துவிட்டேன். சைலன்ஸ் மந்திரம் போட்டால் மேசையிலும் ஒருவரும் பேசக் கூடாது என்று நாங்கள் வைத்திருந்தோம். 20 அடி ஆரைக்குள் ஒலியே கிடையாது அல்லவா? உள்ளே இருப்பவர்கள் கையால் காட்டியே ஆட வேண்டும். 2022 மின்வெட்டுக் காலத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆடியபோது ஒருவர் கையை ஆட்ட, வர்த்தி அணைந்து, இருட்டில் பகடை எங்கே விழுந்தது என்று தேடினோம்.

மணல்நாழி

ஞாயிற்றுக்கிழமை என்றால் கிரிக்கெட் பேச்சும் வரும். அதற்கும் ஒரு சட்டம் சொல்லுங்கள்.

விதிப்பித்தன்

விக்கெட் விழுந்தால் விதிவிலக்கு. மேலே செல்லுங்கள்.

ஆறடிக்கட்டம்

நத்தைநடை, அந்த அண்ணா நான்தான். இழையை எனக்கு அனுப்பி வைத்தவர் யார் என்று கேட்க வேண்டாம்.

கோபமில்லை. ஆனால் என் பக்கமும் ஒன்று இருக்கிறது, எழுதிவிடுகிறேன். மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து நான் ஏன் வாய் திறந்தேன்? எட்டுப் பிணந்தின்னி. அதற்கு முந்திய சண்டையில் இரண்டு பேர் உயிர் ஊசலாடும்போது உருட்டும் டெத் சேவ் உருட்டினார்கள், ஒருவர் மூன்றாவது தோல்விக்கு ஒரு படி முன்னால் பிழைத்தார். அதற்கும் முந்தியதில் கிளெரிக் செத்து, புதுக் கதாபாத்திரம் எழுதினார். தம்பி, நீங்கள் வைக்கும் சண்டைகளில் ஒருவர் ஓர் அடி தவறினால் குழு முழுவதும் போய்விடும். மந்திரவாதி தன் விருப்பப்படி ஃபயர்போலை வைத்திருந்தால் ஐந்தும் திரும்பியிருக்கும், அடுத்த சுற்றில் அந்தத் தங்கையின் ரோக் தரையில் கிடந்திருப்பாள். அவள் விரும்பி எழுதிய கதாபாத்திரம். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

பிழை விட்டால் செத்துவிடுவோம் என்ற இடத்தில் யாரும் யாரையும் தனியாக முடிவெடுக்க விட மாட்டார்கள். பிழை விட்டால் கதை வேறு பக்கம் திரும்பும் என்று இருந்தால் நான் ஏன் தலையிடப் போகிறேன்? பிணந்தின்னிகள் நம்மைத் தின்பதற்குப் பதிலாக ஒருவரைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் ஓடினால் எனக்கும் அது சுவைதான். சண்டையின் நோக்கத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

தூறல், நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

நத்தைநடை

அண்ணா, வணக்கம். தொலைபேசியில் கதைத்திருக்கலாம், தயங்கி நின்றுவிட்டேன். அந்தத் தங்கையிடமும் கேட்டேன். "அண்ணா சொல்வது பிடிக்கும், ஆனால் நான் முதலில் சொன்ன பிறகு சொல்லட்டும்" என்றாள்.

சண்டையின் பாரத்தைக் குறைக்கச் சொன்னது ஏற்கத் தக்கது. அடுத்ததில் எதிரிகள் கொல்ல வரவில்லை, ஒரு பெட்டியைப் பறித்துக்கொண்டு ஓட வருகிறார்கள். ஒருவர் பிழை விட்டால் பெட்டி போகும், உயிர் போகாது.

என் முடிவு இதுதான். சுற்றுத் தொடங்குமுன் யாரும் யாரோடும் ஒரு நிமிடம் பேசலாம். சுற்றுத் தொடங்கியபின் முறைக்குரியவர் கேட்டால்தான் மற்றவர் வாய் திறக்கலாம். விதிச் சந்தேகத்துக்கு மட்டும் எப்போதும் விலக்கு. கதாபாத்திரம் வாய்விட்டுக் கத்துவது அவரவர் முறையில் ஒரு வாக்கியம், காதுள்ள எல்லோருக்கும் கேட்கும். எச்பி எண்ணில் கிடையாது. மணற்கடிகாரம் வேண்டாம்; அந்தத் தங்கை மட்டுமல்ல, எனக்கும் அதைப் பார்த்தால் பரீட்சை மண்டபம் நினைவுக்கு வருகிறது.

மணல்நாழி

என் கடிகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள். பரவாயில்லை.

மூன்றாம்மாடி

சுற்றுக்கு முன் ஒரு நிமிடம் கொடுத்ததால் என் பங்கு எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஒரு நிமிடமா, முதல் சுற்றுக்கு மட்டுமா? ஒவ்வொரு சுற்றுக்கும் என்றால் கீழ்மாடிக்காரர் மறுபடியும் கதவைத் தட்டுவார்.

நத்தைநடை

முதல் சுற்றுக்கு மட்டும். அதுவும் பதுங்கியிருந்து தாக்கப்பட்டால் அதுவும் இல்லை.

விதிப்பித்தன்

ஆறடிக்கட்டம் அண்ணாவுக்கு ஒரு யோசனை. உங்கள் ஃபைட்டர் எந்த உட்பிரிவு? சாம்பியன் என்றால் டிஎம்மிடம் கேட்டு பேட்டில் மாஸ்டருக்கு மாறுங்கள். அதில் கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் என்று ஒரு நுட்பம் உண்டு. உங்கள் இரண்டு அடிகளில் ஒன்றையும் போனஸ் ஆக்‌ஷனையும் இந்த நுட்பங்களுக்கென்றே இருக்கும் சுப்பீரியாரிட்டி பகடை ஒன்றையும் விட்டுக்கொடுத்தால் தோழர் ஒருவர், அடுத்தவர் முறையிலும் செய்யக்கூடிய தன் ரியாக்‌ஷனைப் பயன்படுத்தி அந்தக் கணமே ஆயுதத்தால் ஓர் அடி அடிக்கலாம். அந்தப் பகடையின் எண் அவருடைய சேதத்தோடு சேரும். ஐந்தாம் லெவலில் உங்களிடம் நான்கு எட்டுமுகப் பகடை இருக்கும்.

இப்போது கேளுங்கள். ரோக்கின் கூடுதல் சேதம் தரும் ஸ்னீக் அட்டாக் முறைக்கு ஒருமுறை; சுற்றுக்கு ஒருமுறை அல்ல. தன் முறையில் ஒருமுறை, உங்கள் முறையில் நீங்கள் கட்டளையிட்டதும் இன்னொருமுறை. எதிரிக்குப் பக்கத்தில் நம்மவர் யாராவது நின்றால் போதும், ஐந்தாம் லெவலில் 3 ஆறுமுகப் பகடை கூடுதல். கட்டளை போடுவதில் உங்களுக்கு அவ்வளவு ஆசை இருந்தால் விலை கொடுத்துப் போடுங்கள்.

ஆறடிக்கட்டம்

சாம்பியன்தான். இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் யாரை அடிப்பது என்று நான் சொல்லலாமா?

விதிப்பித்தன்

அடி என்று சொல்வது நீங்கள். ரியாக்‌ஷன் அவளுடையது, இலக்கும் அவளுடையது.

நத்தைநடை

இந்த ஞாயிறு ஆடினோம். அண்ணா தாளை மாற்றி எழுதிக்கொண்டு முன்கூட்டியே வந்துவிட்டார்.

பெட்டியைப் பறிக்க வந்த கொள்ளைக்கூட்டம், பாலத்தின்மேல் சண்டை. இரண்டாம் சுற்றில் அண்ணா தன் முறையில் "இப்போது, குத்து!" என்று கத்தினார். ரோக்கின் பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்: காயம்பட்டு நொண்டிக்கொண்டிருந்த வில்லாளி, பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டிருந்த தடியன். அண்ணாவின் கை வரைபடத்தில் வில்லாளியின் பொம்மையை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்தி, அந்தக் கையாலேயே வடையை எடுத்துக்கொண்டார். தங்கை தடியனைக் குத்தினாள். சேதம் போதவில்லை, அவன் விழவில்லை. ஆனால் குத்துப்பட்டதும் பெட்டியை நழுவ விடுகிறானா என்று பார்க்க ஒரு சேவ் பகடை கொடுத்தேன், தவறிவிட்டான். பெட்டி ஆற்றில் விழுந்தது. இரண்டு பக்கமும் சண்டையை விட்டுவிட்டு ஆற்றில் குதித்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். "கேட்டால் மட்டும்" என்ற ஏற்பாட்டைக் கிளெரிக் விளையாடுகிறவர் நொடிக்கொரு கேள்வி கேட்டே ஓட்டை போட்டுவிட்டார். "நான் என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லுங்களேன்" என்றால் மறுபடியும் ஆறு பேரும் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அடுத்த முறை சேர்க்கப் போகிறேன். மந்திரவாதி எச்பியை எண்ணில் சொல்லாமல் கையில் விரலைக் காட்டினார். அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

துரும்பு

விரல் காட்டினால் சீட்டை மேசையில் போட்டுவிடுங்கள். என் பெரியப்பா அப்படித்தான் செய்வார்.

தூறல்

ஒரு விதிச் சந்தேகம். அந்த ரோக் ஒளிந்திருக்கும்போது "பின்னால் ஒருவன் வருகிறான்!" என்று கத்தினால் ஒளிவு கலையுமா?

விதிப்பித்தன்

2024 விதிகளில் கிசுகிசுப்புக்கு மேல் சத்தம் எழுந்த கணமே கலையும். 2014இல் டிஎம் முடிவு, ஆனால் கத்தினால் கலையும் என்றுதான் பெரும்பாலானவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள்.

ஆறடிக்கட்டம்

என்னிடமும் ஒன்று. சைலன்ஸ் வட்டத்துக்குள் நான் நின்றால் கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக் வேலை செய்யுமா? என் குரல் வெளியே போகாதே.

விதிப்பித்தன்

செய்யும். உங்களைப் பார்க்கவோ கேட்கவோ கூடிய தோழர் என்றுதான் விதி. இரண்டில் ஒன்று போதும். கையால் காட்டுங்கள்.

நத்தைநடை

கையால் காட்டலாம். விரலால் எண் காட்டக் கூடாது.